தேய்ந்த பண்ணையில் மண்ணின் செடிகள்: ஆல்டோ லியோபோல்டின் நில மீட்பு வரலாறு

தனியார் நில மீட்பு என்பது, உழவாலும் மேய்ச்சலாலும் வளம் இழந்து போன ஒருவரது சொந்த நிலத்தை, அந்த மண்ணுக்கே உரிய மரஞ்செடி கொடிகளைக் கொண்டு மீண்டும் உயிர்ப்பிக்கும் பணியாகும். அரசு காடு வளர்ப்பதும், நிறுவனங்கள் தோட்டம் அமைப்பதும் வேறு. நிலத்துக்கு உரியவரே, பலன் எதையும் எதிர்பாராமல், தம் கையாலேயே இதைச் செய்வது வேறு. இந்தப் பணியின் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்று, அமெரிக்கப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் (1887–1948). விஸ்கான்சின் மாநிலத்தில் அவர் 1935ஆம் ஆண்டு வாங்கிய கைவிடப்பட்ட பண்ணையும், அங்கே அவர் குடும்பம் 13 ஆண்டுகள் செய்த உழைப்பும், பின்னாளில் ஒரு நூலாகவும் ஒரு புதிய அறநெறியாகவும் உருவெடுத்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

மணல் நிலத்தின் முன்கதை

விஸ்கான்சின் மாநிலம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட நடுப்பகுதியில், பேரேரிகளை ஒட்டி அமைந்துள்ளது. கடைசிப் பனியூழியின்போது இதன் நடுப்பகுதியில் பனிக்கட்டி உருகிய நீர் பெரும் ஏரியாகத் தேங்கி நின்றது. அந்த ஏரி வடிந்தபோது விட்டுச் சென்ற மணற்பரப்பே, பிற்காலத்தில் "மணல் மாவட்டங்கள்" என்று அழைக்கப்பட்ட பகுதியாயிற்று. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி நிலத்தைப் பார்த்தவர்களுக்கு, மேல்மண் போனால் அத்தகைய நிலம் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதியில் ஹோ-சங்க் என்னும் பழங்குடி மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். இப்பகுதியின் புல்வெளிகள் அவ்வப்போது பற்றிய தீயால் நிலைபெற்றவை. மின்னலால் மூண்ட தீயும் உண்டு. பழங்குடி மக்கள் தாமே வைத்த தீயும் உண்டு. தீ பரவியபோது மரக்கன்றுகள் கருகின. ஆழ வேர்விட்ட புற்களும் தடித்த பட்டை கொண்ட ஓக் மரங்களும் பிழைத்தன. இவ்வாறு "பிரெய்ரி" எனப்படும் புல்வெளியும், இடையிடையே ஓக் மரங்கள் நிற்கும் திறந்த காடும் உருவாயின.

1829, 1832, 1837 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வழியாக ஹோ-சங்க் மக்களின் நிலம் பறிபோயிற்று. அடுத்து வந்த குடியேறிகள் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தனர். 1860ஆம் ஆண்டு வாக்கில் விஸ்கான்சின் கோதுமை விளைச்சலில் நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாக இருந்தது. ஆனால் ஆண்டுதோறும் ஒரே பயிரை வைத்ததால் மண் சத்திழந்தது. பூச்சித் தாக்குதலும் சேர்ந்துகொண்டது. நல்ல மண் இருந்த இடங்களில் உழவர்கள் கறவை மாட்டுப் பண்ணைக்கு மாறிப் பிழைத்தனர். மணல் மாவட்டங்களில் அதற்கும் வழியில்லை. சதுப்பு நிலங்களை வாய்க்கால் வெட்டி வடித்தனர். வடித்த பிறகு அங்கிருந்த கரிமண்ணே தீப்பற்றி எரிந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் பலர் நிலவரி கட்ட முடியாமல் பண்ணைகளை விட்டுவிட்டுப் போயினர். பழைய பிரெய்ரிப் புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவே.

லியோபோல்ட் யார்?

ஆல்டோ லியோபோல்ட் 1887 ஜனவரி 11 அன்று, மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான பர்லிங்டனில், அயோவா மாநிலத்தில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து 1909ஆம் ஆண்டு அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் பணியாற்றினார். சாலையோ கட்டடமோ இல்லாத காட்டுப்பகுதி ஒன்றை அப்படியே காக்க வேண்டும் என்று அவர் வாதாடியதன் விளைவாக, 1924ஆம் ஆண்டு நியூ மெக்சிகோவில் கிலா வனப்பகுதி அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் விஸ்கான்சினின் தலைநகரான மாடிசனுக்கு மாறுதலாகி வந்தார்.

1933ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை வேட்டை விலங்கு மேலாண்மைப் பேராசிரியராக அமர்த்தியது. அமெரிக்காவில் இத்துறைக்கு ஏற்பட்ட முதல் பேராசிரியர் பதவி அது. இந்தப் பதவி வேளாண் பொருளியல் துறையின்கீழ் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசு வனங்களில் பணியாற்றிய ஒருவர் இப்போது உழவர்களோடும் அவர்களது சொந்த நிலங்களோடும் பழக நேர்ந்தது.

மூன்று முன்னோடி முயற்சிகள்

சொந்தப் பண்ணையை வாங்கும் முன்பே லியோபோல்ட் மூன்று முயற்சிகளில் பங்குகொண்டிருந்தார். அவர் பின்னாளில் செய்தவற்றுக்கு இவையே பயிற்சிக்களம் எனலாம்.

முதலாவது ரைலி கூட்டுறவு. மாடிசனுக்கு மேற்கே ரைலி என்னும் சிற்றூரில், 1931ஆம் ஆண்டு, உழவர்களும் நகரவாசிகளும் சேர்ந்து இதை அமைத்தனர். நகரத்தார் வேட்டைக்கு வரலாம். அதற்கு ஈடாகப் பறவைகளும் சிறு விலங்குகளும் தங்கப் புதர்களை வளர்ப்பதிலும் இரை வைப்பதிலும் பங்கு தர வேண்டும். வேலியோரமும் ஓடைக்கரையும் மேய்ச்சலிலிருந்து காக்கப்பட்டன.

இரண்டாவது கூன் பள்ளத்தாக்குத் திட்டம். மேற்கு விஸ்கான்சினின் இந்தக் குன்றுப் பகுதியில் சரிவுகளை மேலிருந்து கீழாக நேராக உழுததால் மழைதோறும் மண் அரித்துப் போய்க்கொண்டிருந்தது. 1933ஆம் ஆண்டு மண் அரிப்புத் தடுப்புத் துறை, ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டு இங்கே நாட்டின் முதல் முன்மாதிரித் திட்டத்தைத் தொடங்கியது. 400க்கும் மேற்பட்ட உழவர்கள் சேர்ந்தனர். சரிவின் குறுக்கே சமமட்டக் கோட்டில் உழுதல், பயிரையும் புல்லையும் பட்டை பட்டையாக மாற்றி விதைத்தல், செங்குத்துச் சரிவுகளில் மாடு ஏறாமல் வேலியிடுதல் ஆகியவை நடந்தன. வேலையற்ற இளைஞர்களைக் கொண்ட அரசுப் படையினர் உடலுழைப்பைத் தந்தனர்.

மூன்றாவது விஸ்கான்சின் பல்கலைக்கழக மரத்தோட்டம். 1934 ஜூன் 17 அன்று நடந்த இதன் தொடக்க விழாவில் லியோபோல்ட் உரையாற்றினார். உலகெங்கும் இருந்து அழகிய மரங்களைக் கொண்டுவந்து வரிசையாக நடுவது அக்கால மரத்தோட்டங்களின் வழக்கம். இங்கே, குடியேறிகள் வருமுன் விஸ்கான்சின் எப்படி இருந்ததோ அதன் ஒரு மாதிரியைத் திரும்ப உருவாக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த நோக்கம். 1935 முதல் தியோடர் ஸ்பெரி என்னும் சூழலியலாளரின் மேற்பார்வையில், தேய்ந்த பண்ணை நிலத்தில் பிரெய்ரிச் செடிகள் நடப்பட்டன. இன்று அது கர்டிஸ் பிரெய்ரி எனப்படுகிறது. உலகில் மனித முயற்சியால் மீட்கப்பட்ட புல்வெளிகளுள் இதுவே மிகப் பழமையானது என்று கருதப்படுகிறது.

கோழிக்கொட்டகையும் 80 ஏக்கரும்

1935ஆம் ஆண்டு லியோபோல்ட், பராபூ என்னும் ஊருக்கு அருகே, சாக் மாவட்டத்தில் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் 80 ஏக்கர் நிலம் வாங்கினார். பின்னர் மேலும் சிறிது நிலம் சேர்ந்தது. முன்பிருந்தவரின் வீடு எரிந்து போயிருந்தது. நின்றிருந்த ஒரே கட்டடம் ஒரு கோழிக்கொட்டகை. அதிலும் முழங்கால் அளவு எரு குவிந்து கிடந்தது. வயலில் ஒருவகை முட்புல்லும் களைகளுமே முளைத்தன.

லியோபோல்டும் மனைவி எஸ்டெல்லாவும், ஸ்டார்க்கர், லூனா, நீனா, கார்ல், எஸ்டெல்லா ஆகிய ஐந்து பிள்ளைகளும் வார இறுதிகளில் மாடிசனிலிருந்து வந்து எருவை அள்ளினர். ஆற்றில் மிதந்து வந்த பலகைகளைக் கொண்டு கொட்டகையைப் பழுதுபார்த்தனர். கல்லடுக்கிக் கணப்பு கட்டினர். மின்சாரம் இல்லை, தண்ணீர் அடிகுழாயில். அந்தக் குடும்பம் அதற்கு இட்ட பெயர் "கொட்டகை" என்பதே. பெயர் இன்றுவரை மாறவில்லை.

வேட்டைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே முதலில் அவர் எண்ணம். ஆனால் வாங்கிய சில மாதங்களிலேயே நடவுத் திட்டம் தயாராயிற்று.

செத்த கன்றுகளும் பிழைத்த கன்றுகளும்

1936 வசந்தத்தில் குடும்பமே மண்வெட்டி பிடித்தது. வெண்பைன், செம்பைன் கன்றுகளோடு, காட்டு பிளம் முதலிய கனிதரும் நாட்டுப் புதர்களையும் நட்டனர். அந்தக் கோடையில் அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதையும் கடும் வறட்சி தாக்கியது. நட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை கருகிப் போயின.

இந்த இடத்தில் பலரும் நின்றுவிடுவார்கள். லியோபோல்ட் குடும்பம் அடுத்த வசந்தத்தில் மீண்டும் நட்டது. அதற்கடுத்த ஆண்டும் நட்டது. வறட்சியில் தப்பியதை முயல் கடித்தது. முயலுக்குத் தப்பியதை மான் மேய்ந்தது. எந்த இடத்தில் எது பிழைத்தது, எதனால் செத்தது என்பதை ஒவ்வொரு முறையும் அவர் குறித்துக்கொண்டார். மேட்டு மணலில் எது நிற்கும், ஆற்றுத் தாழ்வில் எது நிற்கும் என்பது தோல்விகளின் வழியாகவே தெரியவந்தது. 1948 வரையில் அவர்கள் நட்ட மரங்கள் 40,000க்கும் மேல்.

தமிழக வாசகர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பைன் மரம் விஸ்கான்சினுக்கு மண்ணின் மரம். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அது அயல்மரம். அங்கே பைன், யூகலிப்டஸ், வாட்டில் தோப்புகள் சோலைக்காட்டை ஒட்டிய இயற்கைப் புல்வெளிகளை விழுங்கியுள்ளன. ஆகவே நாட்டு மரம் என்பது மரத்தின் பெயரைப் பொறுத்ததன்று. நிற்கும் இடத்தைப் பொறுத்தது. லியோபோல்டின் பட்டியலை நகலெடுப்பது அவரைப் பின்பற்றுவது ஆகாது.

புல்வெளியைத் திரும்பக் கொணர்தல்

மரம் நடுவதைவிடக் கடினமானது பிரெய்ரிப் புல்வெளியை மீட்பது. கன்று வாங்க நாற்றங்கால் உண்டு. பிரெய்ரிச் செடிக்கு அன்று எந்த நாற்றங்காலும் இல்லை. எஞ்சியிருந்த இடங்களிலிருந்துதான் விதையும் வேரும் எடுக்க வேண்டும். அவை எங்கே எஞ்சியிருந்தன? கலப்பை போகாத இருப்புப்பாதை ஓரங்களிலும், சாலை ஓரங்களிலும், பழைய இடுகாடுகளின் மூலைகளிலும்தான். நம்மூரில் கோயில்காடுகள் பழைய மரங்களைக் காத்து வைத்திருப்பது போன்றதே இதுவும்.

அத்தகைய இடுகாடு ஒன்றைப் பற்றி லியோபோல்ட் எழுதியுள்ளார். அதன் மூலையில் சில்பியம் என்னும் மஞ்சள் பூச்செடி ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் பூத்து வந்தது. இலைகள் வடக்கு தெற்காக நிற்பதால் திசைகாட்டிச் செடி என்றும் அதற்குப் பெயர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பூத்த செடி, அந்த மாவட்டப் பகுதியில் அங்கே மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு நாள் சாலைப் பணியாளர்கள் வேலியைப் பெயர்த்து அதையும் வெட்டிவிட்டனர். தினமும் அவ்வழியே நூற்றுக்கணக்கான கார்கள் போயும், ஒரு தாவர இனத்தின் உள்ளூர் மறைவை யாரும் கவனிக்கவில்லை என்பது அவர் வருத்தம். சில்பியத்தைப் பெயர்த்துத் தம் நிலத்தில் நட அவர் முயன்றதுண்டு. அதன் வேர் அவ்வளவு ஆழம் போவதால், தோண்டி எடுப்பது பெரும்பாடாக இருந்தது. விதையிலிருந்து வளர்க்கலாம், பூக்கப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். வறட்சியை அந்தச் செடி தாங்கி நின்றதன் காரணமும் அந்த ஆழ வேரே.

கொட்டகையின் முன்புறம் முன்பு சோளம் விளைந்த இடத்தில் குடும்பத்தினர் பிரெய்ரிப் புல்லையும் பூச்செடிகளையும் வேர்மண்ணோடு கொண்டுவந்து பதித்தனர். தனியார் நிலத்தில் நடந்த மிக முற்பட்ட பிரெய்ரி மீட்பு முயற்சிகளுள் அதுவும் ஒன்று. இதே காலத்தில் மாடிசன் மரத்தோட்டத்தில் ஜான் கர்டிசும் மாணவர் மாக்ஸ் பார்ட்சும் வேறொரு கேள்விக்கு விடை தேடினர். நட்ட நாட்டுச் செடிகளை ஐரோப்பாவிலிருந்து வந்த மேய்ச்சற்புல் அமுக்கிவிடுகிறதே, என்ன செய்வது? சிறு பாத்திகளில் குறித்த பருவத்தில் தீயிட்டுப் பார்த்தனர். அயற்புல் தளர்ந்தது, நாட்டுப்புல் தழைத்தது. 1948ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வுக்குப் பின், கட்டுப்பாடான தீயிடல் புல்வெளி மீட்பின் அடிப்படைக் கருவியாயிற்று. பழங்குடி மக்களின் பழைய வழக்கத்தில் இருந்த பயன் இவ்வாறு அறிவியல் சோதனையில் வெளிப்பட்டது.

நாட்குறிப்புகள்

கொட்டகையின் மற்றொரு விளைச்சல் நாட்குறிப்பு. எந்தப் பூ எந்த நாளில் மலர்ந்தது, எந்தப் பறவை என்று வந்தது, ஆற்றுப் பனி என்று உடைந்தது என்பதை லியோபோல்ட் விடாமல் எழுதி வைத்தார். 1935 முதல் 1945 வரையிலான பதிவுகளை சாரா எலிசபெத் ஜோன்சுடன் சேர்ந்து 1947ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

1976ஆம் ஆண்டு மகள் நீனா அந்த நிலப்பகுதிக்கே குடிவந்து, தந்தை விட்ட இடத்திலிருந்து பதிவைத் தொடர்ந்தார். 1999ஆம் ஆண்டு நீனா, தம்பி கார்ல் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, 61 ஆண்டு கால இடைவெளியில் 55 வசந்த நிகழ்வுகளை ஒப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 0.12 நாள் வீதம் அவை முன்னதாக நிகழத் தொடங்கியிருந்தன. கணக்கிட்டால் மொத்தத்தில் ஒரு வாரம். பருவநிலை மாற்றம் என்னும் சொல் வழக்கில் வருமுன் எழுதப்பட்ட குறிப்பேடு, அந்த மாற்றத்துக்கே சான்றாயிற்று.

தீயில் முடிந்த வாழ்வு

லியோபோல்ட் தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கப் பல ஆண்டுகள் முயன்றார். 1948 ஏப்ரல் 14 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலை ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஒரு வாரம் சென்று ஏப்ரல் 21 அன்று, நடவுக்காகக் கொட்டகையில் தங்கியிருந்தபோது, அண்டைப் பண்ணையில் புல்தீ பற்றியது. அணைக்கச் சென்ற லியோபோல்ட் மாரடைப்பால் அங்கேயே இறந்தார். வயது 61. மகன் லூனா நூலைச் செப்பனிட்டார். "சேண்ட் கவுண்டி அல்மனாக்" என்ற பெயரில் அது 1949ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதவாரியாகக் கொட்டகை நிலத்தைப் பேசுவது அதன் முதற்பகுதி. சேண்ட் கவுண்டி என்ற பெயரில் மாவட்டம் எதுவும் வரைபடத்தில் இல்லை. மணல் மாவட்டங்கள் அனைத்துக்குமான பொதுப்பெயர் அது.

கூலியா, சட்டமா, கடமையா?

அந்நூலின் புகழ்பெற்ற இறுதிக் கட்டுரை "நில அறம்" என்பதாகும். அதில் அவர் விஸ்கான்சின் உழவர்களிடம் கண்ட ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். ஐந்து ஆண்டுகள் மண் காப்பு முறைகளைக் கடைப்பிடிப்பதாக ஒப்பந்தமிட்டால் அரசு இலவச உழைப்பும் பொருளும் தரும் என்றது. உழவர்கள் ஒப்பினர். ஐந்தாண்டு முடிந்ததும், உடனடியாகக் காசு தந்த முறைகள் மட்டுமே பரவலாகத் தொடர்ந்தன, மற்றவை மறக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டு மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, நிலப் பயன்பாட்டு விதிகளை உழவர்கள் தாங்களே வகுத்துக்கொள்ளலாம் என்றது. பத்தாண்டு கடந்தும் எந்த மாவட்டமும் ஒரு விதிகூட வகுக்கவில்லை என்று அவர் சுட்டுகிறார்.

கூலி கொடுத்தும் நடக்கவில்லை. அதிகாரம் கொடுத்தும் நடக்கவில்லை. அரசே எல்லா நிலத்தையும் வாங்கிக் காப்பதும் இயலாது. அப்படியானால் எஞ்சுவது என்ன? நிலத்துக்கு உரியவரின் கடமையுணர்வு ஒன்றே என்பது அவர் முடிவு. மனித சமுதாயம் என்று நாம் சொல்லும் எல்லையை மண், நீர், செடி, விலங்கு ஆகியவை வரை விரிக்க வேண்டும்; அந்தச் சமுதாயத்தில் மனிதன் ஓர் உறுப்பினனே தவிர எசமானன் அல்லன் என்று அவர் வாதிட்டார். வேறு யாரோ ஒருவர் இப்படி எழுதியிருந்தால் அறிவுரை என்று ஒதுக்கிவிடலாம். செத்த கன்றுகளின் இடத்தில் திரும்பத் திரும்ப நட்டவர் எழுதியதால் அதற்கு எடை கூடியது.

பின்வந்த காலம்

1960களின் இறுதியில் அண்டை நிலக்காரர்கள் சிலர் ஒன்றுகூடி, கொட்டகையைச் சுற்றியிருந்த தங்கள் நிலங்களையும் காப்பதென முடிவு செய்தனர். பிள்ளைகள் ஐவரும் 1982ஆம் ஆண்டு ஆல்டோ லியோபோல்ட் அறக்கட்டளையை நிறுவினர். இவர்களுள் ஸ்டார்க்கர், லூனா, எஸ்டெல்லா ஆகிய மூவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அறிஞர்கள். 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அறக்கட்டளைக் கட்டடத்துக்கு, நெருக்கமாக வளர்ந்துவிட்ட பைன் தோப்பிலிருந்து களைந்தெடுத்த மரங்களே உத்திரமாயின. 1936க்குப் பின் பிள்ளைகள் கையால் நட்ட கன்றுகள் அவை. 2009ஆம் ஆண்டு அந்தக் கோழிக்கொட்டகை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து நில மீட்பு பற்றிச் சில தெளிவான பாடங்கள் கிடைக்கின்றன. முதலில், நடும் முன் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அறிய வேண்டும். அதற்கான சான்று, யாரும் கைவைக்காத ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் நிற்கக்கூடும். அடுத்து, முதல் நடவு தோற்பது இயல்பு. எது ஏன் செத்தது என்று எழுதி வைப்பவருக்கே இரண்டாம் நடவு பலிக்கும். மூன்றாவதாக, மரம் மட்டுமே மீட்பு ஆகாது. புல்வெளியாக இருந்த இடத்துக்குப் புல்லும், சதுப்பாக இருந்த இடத்துக்கு நீருமே திரும்ப வேண்டும். நான்காவதாக, ஒருவரது வேலி முடியும் இடத்தில் நிலம் முடிவதில்லை. அண்டை நிலக்காரரும் சேரும்போதே பணி நிலைக்கிறது.

80 ஏக்கர் வைத்திருப்போர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் வீட்டுக் கொல்லையோ, பள்ளி வளாகத்தின் ஓரமோ, வரப்போரம் கிடக்கும் அரைக்காணித் தரிசோ பலருக்கும் உண்டு. அங்கே என்னென்ன செடிகள் தாமாக முளைக்கின்றன, எந்த மாதம் பூக்கின்றன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கும் மாணவர், லியோபோல்ட் தொடங்கிய இடத்திலேயே தொடங்குகிறார்.